கல்லும் காணியும்

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில், நமது பங்கைச் சார்ந்த முதியவர் ஒருவரை அடக்கம் செய்தோம். ஊரார் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'பட்டாளத்தார்' என்பதே அவருடைய பெயராகிவிட்டது. 1971-ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு எல்லையில் நின்றவர். பதினேழு ஆண்டுப் பணிக்குப் பின் ஊர் திரும்பி, சங்கரன்கோவில் வட்டாரத்தின் மானாவாரி நிலத்தில் பயிர் செய்து, ஞாயிறு தவறாமல் பூசை கண்டு, எவரிடத்தும் எதையும் கேளாமல் வாழ்ந்து முடித்தவர்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. இரு வேறு கட்சிகளைச் சார்ந்தோர் வந்தனர், மலர்வளையம் வைத்தனர். ஒருவர், இந்த நாடே பட்டாளத்தாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்றார். மற்றவர் அதைவிட ஒருபடி மேலே சென்று, அவர் பெயரில் ஒரு தெரு அமையும் என்றார். நாமும் வாளாவிருக்கவில்லை. திருத்தூதர் பவுல் தம் இறுதி நாள்களில் திமொத்தேயுவுக்கு எழுதிய சொற்களை எடுத்து, கால் மணி நேரம் மறையுரை ஆற்றினோம். பலர் கண் கலங்கினர். நமக்கும் நிறைவாகவே இருந்தது.

மூன்று மாதங்களுக்குப் பின், அவருடைய துணைவியார் பங்கு அலுவலகத்து வாயிலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பழுப்பேறிய தாள்கள்.

"சாமி, பட்டாளத்துத் தாளுல எம் பேரு ஒண்ணா இருக்காம், ஆதாருல வேற ஒண்ணா இருக்காம். அதனால பென்சன் வராதுங்கான். அவுக போனதுக்கப்புறம் ஒத்தப் பைசா வரல."

"மூன்று மாதமாக எப்படியம்மா சமாளித்தீர்கள்?" என்று கேட்டோம்.

"ரேசன் அரிசி இருக்குல்ல சாமி" என்றார்.

அவர் பெயரில் பிழை ஏதும் பெரிதாக இல்லை. திருமுழுக்குப் பெயர் ஓரிடத்திலும், வீட்டில் வழங்கிய பெயர் மற்றோரிடத்திலும் ஏறியிருந்தன, அவ்வளவே. நமது பங்கின் திருமணப் பதிவேட்டைத் திறந்து, இருவருடைய பெயர்களும் கையொப்பங்களும் உள்ள பக்கத்தைக் கண்டு, அதன் நகலை முத்திரையிட்டுக் கொடுத்தோம். அதற்குப் பின்னரும் அவர் ஓர் அலுவலகத்திற்கும் மற்றோர் அலுவலகத்திற்குமாக ஓராண்டுக்கு மேல் நடந்தார். அடக்கத்தன்று பேசிய இருவரில் எவரும் அந்த ஓராண்டில் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தெருவும் அமையவில்லை.

அந்நாள் தொட்டு ஒரு கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. போர்வீரனைப் புகழ்வது எளிது. அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்வது அரிது. இந்த இடைவெளி நம் காலத்துக் கேடு மட்டுந்தானா, அல்லது என்றும் இருந்ததா? இக்கேள்வியோடு நம் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

முன்னோர் வகுத்த முறை

தமிழகத்தின் வடபகுதியில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில், பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பேரரசர்களின் பெரும்போர்களைப் பற்றியவை அல்ல. ஊரின் ஆநிரையைக் கவர வந்தோரை எதிர்த்து நின்று மாண்ட எளிய வீரர்களுக்கு எடுத்த கற்கள் அவை. எடுத்தனூரில் உள்ள ஒரு கல்லில், மாண்ட வீரனோடு உடனிருந்த நாய்க்கும் பெயர் பொறித்திருக்கின்றார்கள். மறவாமை என்னும் பண்பு நம் முன்னோரிடத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் நாம் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது கல்லையன்று. கல்வெட்டுகளில் 'நெத்தோர்பட்டி' என்று ஒரு சொல் வருகிறது. நெய்த்தோர் என்றால் குருதி. குருதி சிந்தி மாண்ட வீரனின் குடும்பத்தார் உண்டு வாழ்வதற்காக விடப்பட்ட நிலமே நெத்தோர்பட்டி. பிற்காலத்தில் இதனையே உதிரப்பட்டி என்றும் இரத்த மானியம் என்றும் வழங்கினர். எனவே பண்டைத் தமிழ்ச் சமூகம் இறந்த வீரனுக்கு இரண்டு கடன்களைச் செலுத்தியது. ஒன்று கல், மற்றொன்று காணி. கல் அவன் பெயருக்கு. காணி அவன் மனைவி மக்களின் வயிற்றுக்கு. கல்லை மட்டும் நட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று அவர்கள் கையைத் தட்டிக்கொண்டு போய்விடவில்லை. வள்ளுவப் பெருந்தகையும் படைமாட்சியைக் கூறுமிடத்தில், வெல்லும் படைக்கு வறுமை இருத்தலாகாது என்பதைத் தனியே எடுத்துச் சொல்லியிருக்கின்றார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆநிரை கவர்தலே அன்று போர். அதில் மாண்டோரின் துயரம் சிறிதன்று. ஆயினும், புகழுக்கும் பொறுப்புக்கும் இடையே அவர்கள் கட்டிய அந்த முடிச்சு உயர்ந்தது. அது எப்போது அவிழ்ந்தது?

நம் வட்டாரம் தரும் பாடம்

சங்கரன்கோவிலை அறிந்தவர்கள் சங்கரநாராயணர் திருக்கோவிலையும் ஆடித்தபசுத் திருவிழாவையும் அறிவார்கள். அக்கோவிலோடு இணைந்த வாய்மொழி மரபு ஒன்றும் இங்கே வழங்கி வருகிறது. நெற்கட்டுஞ்செவல் பாளையக்காரராகிய பூலித்தேவர் சிறைப்பட்டுச் செல்லும் வழியில், இறைவனை வழிபட வேண்டும் என்று கேட்டுக் கோவிலுக்குள் நுழைந்தாராம்; நுழைந்தவர் மீளவில்லை, மறைந்து போனாராம். 1755-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கம்பெனியின் தளபதி ஹெரான் நெல்லைச் சீமைக்குள் வந்தது முதல், ஆர்க்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் கப்பம் கட்ட மறுத்து எதிர்த்து நின்றவர் அவர். 1761-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருடைய கோட்டைகள் வீழ்ந்தன.

அவற்றை வீழ்த்தியவர் யார் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவர் ஆங்கிலேயர் அல்லர். மருதநாயகம் என்னும் பெயரோடு பிறந்து, இசுலாம் தழுவி யூசுப்கான் ஆன தமிழர். கம்பெனியின் சிப்பாய்களுக்குத் தலைவராக உயர்ந்தவர். 1758-59-இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது வெளியிலிருந்து அவர்களை ஓயாது தாக்கி, கோட்டையைக் காப்பதில் பெரும்பங்கு ஆற்றியவர். பின்னர் மதுரையையும் நெல்லையையும் அடக்கி, வரி வசூலை ஒழுங்காக்கி எசமானர்களுக்குக் கொடுத்தவர். அவருடைய செல்வாக்கு வளரவே, நவாபுக்கு அச்சம் வந்தது. பிணக்கு முற்றியது, யூசுப்கான் எதிர்த்து நின்றார். எந்தக் கம்பெனிக்காக அவர் போரிட்டாரோ அதே கம்பெனியின் படை மதுரையை முற்றுகையிட்டது. தம்மவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

யூசுப்கான் புனிதர் அல்லர். அவருடைய வாளால் நம் வட்டாரத்துக் குடும்பங்கள் எத்தனையோ அழிந்தன. ஆனால் அவரை ஏவி விட்டவர்கள் அவரைக் கருவியாக மட்டுமே பார்த்தார்கள். தேவை தீர்ந்ததும் கருவியை முறித்துப் போட்டார்கள். முன்னோர் கட்டிய முடிச்சு அவிழ்ந்த இடம் இதுவென்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்று நெற்கட்டுஞ்செவலில் ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நாளன்று தலைவர்கள் திரண்டு வந்து மாலை சூட்டுகின்றனர். பூலித்தேவரின் படைத்தலைவராகிய ஒண்டிவீரனுக்கு ஆகஸ்டு 20-ஆம் நாள் விழா, பாளையங்கோட்டையில் மணிமண்டபம், 2022-இல் அஞ்சல் தலை. இவையெல்லாம் வேண்டியவையே, நெடுங்காலம் மறக்கப்பட்டவர்களை நினைவுகூர்தல் நீதியே. ஆயினும் ஒவ்வொரு மாலைக்குப் பின்னாலும் ஒரு சாதியின் வாக்குக் கணக்கு ஒளிந்திருப்பதை ஊரார் அறியாமல் இல்லை. ஒரே படையில் தோளோடு தோள் நின்றவர்களைத் தனித்தனி நாளில், தனித்தனிக் கொடியின் கீழ் வணங்கச் செய்துவிட்டோம். கல் பெருகுகிறது. அக்கல்லின் நிழலில் வாழும் ஏழைக்குக் காணி உண்டா என்று கேட்பாரில்லை.

இரு உலகப் போர்கள்

நம் நாட்டு ஊர்கள் பலவற்றில் பழைய கட்டடச் சுவர்களில் ஒரு கல் பதிந்திருப்பதைக் காணலாம். முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் ஈந்தனர் என்ற செய்தி மட்டும் அதில் இருக்கும். பெயர்கள் இரா, எண்ணிக்கை மட்டுமே. எடுத்தனூரில் நாய்க்குக் கிடைத்த சிறப்பு, பிரான்சிலும் மெசபொத்தேமியாவிலும் மாண்ட இம்மனிதர்களுக்குத் தம் சொந்த ஊரிலேயே கிடைக்கவில்லை.

அப்போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து பணியாற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆள் தேவைப்பட்ட காலத்தில், 1917 ஆகஸ்டில், படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என்று இலண்டனில் அறிவித்தார்கள். போர் முடிந்ததும், 1919 மார்ச்சில், விசாரணையின்றிச் சிறையிலடைக்க வழி செய்யும் ரௌலட் சட்டம் வந்தது. அடுத்த மாதம் 13-ஆம் நாள் ஜாலியன்வாலா பாக். அப்போருக்கு மிகுதியான வீரர்களை அளித்த மாநிலம் பஞ்சாப் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். நன்றியின் விலை அதுவாயிற்று. போருக்கு ஆள் சேர்க்க 1918-இல் ஊர் ஊராக நடந்த காந்தியடிகளே, 1920 ஆகஸ்டில் அரசு தமக்களித்த பதக்கங்களைத் திருப்பி அனுப்பினார்.

அந்நியர் அப்படித்தான் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அடுத்து வந்தது நம்மவர் செய்தது.

இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். தாய்நாட்டைக் கண்ணால் காணாத தோட்டத்துப் பெண்கள் கூட, டாக்டர் லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். போர் தோற்றது. 1945 நவம்பர் 5-ஆம் நாள் தில்லிச் செங்கோட்டையில், அப்படையின் அதிகாரிகளான ஷாநவாஸ்கான், சேகல், தில்லான் மூவர்மீதும் விசாரணை தொடங்கியது. பூலாபாய் தேசாய் வாதிட்டார். நேரு பல்லாண்டுகளுக்குப் பின் வழக்கறிஞர் அங்கியை எடுத்து அணிந்தார். நாடெங்கும் எழுச்சி. அந்தக் குளிர்காலத்துத் தேர்தல் மேடைகளில் அவ்வீரர்களின் பெயரே முழங்கிற்று.

விடுதலை வந்தது. வந்த பின், அவ்வீரர்களைச் சுதந்திர இந்தியாவின் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. படையின் கட்டுப்பாடு குலையும், எடுத்த உறுதிமொழியின் மதிப்புக் குறையும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அக்காரணத்தில் பொருள் இல்லை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அதே காரணம் தேர்தல் மேடையில் எவருக்கும் ஏன் தோன்றவில்லை? விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டோருக்கு நடுவண் அரசின் ஓய்வூதியத் திட்டம் வந்தது 1972-இல். விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டில். அதற்குள் எத்தனை முதியவர்கள் கண்மூடினார்களோ, இறைவனே அறிவார்.

வெற்றியின் மறுபக்கம்

1971 டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தானியப் படை சரணடைந்தது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதிகளாயினர். வங்கதேசம் பிறந்தது. நமது பட்டாளத்தாரும் அந்த வெற்றியில் ஓர் அணுவளவு பங்குடையவர். அவ்வெற்றியின் முழக்கம் அடங்குமுன், மூன்றாம் ஊதியக் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, படைவீரர்க்கென இருந்த தனி ஓய்வூதிய முறை குடிமைப் பணியாளர் முறையோடு இணைக்கப்பட்டது. சாதாரணச் சிப்பாய் முன்பு பெற்றுவந்த பங்கு குறைந்தது.

ஏட்டளவில் இது சமத்துவமாகத் தோன்றும். ஆனால் எழுத்தர் ஒருவர் அறுபதை நெருங்கும்வரை ஊதியம் பெறுகின்றார். சிப்பாயோ முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகின்றார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் காலத்தில் அவர் ஓய்வு பெற்றவராகிவிடுகின்றார். பின்னர் ஒவ்வோர் ஊதியக் குழு வரும்போதும், முன்னே ஓய்வு பெற்ற மூத்தவர் குறைவாகவும், பின்னே ஓய்வு பெற்ற இளையவர் மிகுதியாகவும் பெறலாயினர். அதனின்று எழுந்ததே 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்னும் கோரிக்கை.

நாற்பது ஆண்டுகள் இக்கோரிக்கை கோப்பிலிருந்து கோப்புக்கு நகர்ந்தது. 2011 டிசம்பரில் கோசியாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு இதனை ஏற்றுப் பரிந்துரைத்தது. அப்போது ஆண்ட கட்சி, 2014 பிப்ரவரியில், தேர்தல் வாயிலில் நின்றுகொண்டு ஐந்நூறு கோடி ரூபாயை ஒதுக்கியது. எதிர்க்கட்சியோ 2013 செப்டம்பரில் அரியானாவின் ரேவாரியில் முன்னாள் படைவீரரைத் திரட்டி இக்கோரிக்கையைத் தன் முழக்கமாக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு அதுவே ஆளுங்கட்சியும் ஆயிற்று. ஆகியும் நிறைவேறாததால், 2015 ஜூன் மாதத்தில் முதிய வீரர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் அறப்போரில் அமர்ந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், விடுதலைத் திருநாளுக்கு முதல் நாள், காவல்துறையினர் அவர்களை இழுத்து அகற்ற முற்பட்ட காட்சியை நாடே கண்டது. மார்பில் பதக்கம் அணிந்த முதியவர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்தவர்களும், மறுநாள் காலையில் கொடியேற்றி வீரரைப் புகழ்ந்தவர்களும் ஒரே அரசின் ஆட்களே.

செப்டம்பர் 5-ஆம் நாள் அறிவிப்பு வந்தது. நவம்பர் 7-இல் ஆணை. ஆண்டுதோறும் சமன் செய்யவேண்டும் என்று வீரர் கேட்க, ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றது ஆணை. மனம் நொந்து பதக்கங்களைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தோர் பலர். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2022 மார்ச் 16-ஆம் நாள் நீதிமன்றம் அரசின் கொள்கையில் தலையிடவில்லை. ஆனால் 2019 ஜூலை முதல் மறுநிர்ணயம் செய்து நிலுவையைத் தரப் பணித்தது. அந்நிலுவைக்கும் தவணை மேல் தவணை கேட்டார்கள். 2023 மார்ச்சில் நீதிமன்றமே நாள் குறித்து, கைம்பெண்களுக்கும் வீரப்பதக்கம் பெற்றோர்க்கும் முதலில், எழுபது வயது கடந்தோர்க்கு அடுத்து எனக் கட்டளையிட வேண்டியதாயிற்று. யாருக்கு முதலில் கொடுக்கவேண்டும் என்பதை ஓர் அரசுக்கு நீதிமன்றம் சொல்லித்தர வேண்டுமா?

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டுப் பணி, நால்வரில் ஒருவருக்கே நிலைத்த பணி, ஏனைய மூவருக்கும் ஏறத்தாழ பதினொன்றே முக்கால் இலட்சம் ரூபாய் கையில் கொடுத்து விடை தருவார்கள், ஓய்வூதியம் இல்லை. நாட்டின் செலவைச் சுருக்கவும் படையை இளமையாக வைக்கவும் இது வேண்டும் என்போர் உளர். அவர்கள் கருத்தை நாம் இகழவில்லை. ஆனால் இதனை ஆதரிக்கும் தலைவர்களும் எதிர்க்கும் தலைவர்களும் தங்களுடைய ஓய்வூதியத்தைப் பற்றி இதே அளவுகோலை எடுத்துப் பேசியதாக நாம் கேட்டதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு முறை பதவி வகித்தாலே வாழ்நாள் முழுதும் ஓய்வூதியம் உண்டு.

சுமக்க வைத்த பழி

இன்னொரு காயமும் உண்டு. தமிழராகிய நாம் அதைத் தொடத் தயங்குகின்றோம். 1987 ஜூலை 29-ஆம் நாள் கொழும்பில் இந்திய - இலங்கை உடன்பாடு கையெழுத்தாயிற்று. அமைதி காக்கும் படை என்ற பெயரோடு நம் வீரர்கள் ஈழ மண்ணில் இறங்கினர். முதலில் மாலையிட்டு வரவேற்ற மக்களே, அக்டோபரில் போர் மூண்ட பின், அப்படையின் குண்டுகளுக்கு இரையாயினர். அவ்வாண்டு தீபாவளி நாளையொட்டி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நிகழ்ந்த கொலைகளை எந்த நியாயத்தாலும் மூட முடியாது. இறந்த நோயாளர்க்கும் மருத்துவர்க்கும் தாதியர்க்கும் இன்றுவரை நீதி கிட்டவில்லை. மறுபுறம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர் அங்கே மாண்டனர். 1990 மார்ச்சு மாதத்தில் எஞ்சியோர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, தமிழகத்தின் அன்றைய முதல்வர் கலைஞர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்று வந்த படையை எப்படி வரவேற்பது என்பது அவர் கேள்வி.

அக்கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவர்களை அங்கே அனுப்பியவர் யார்? எதற்காக என்று தெளிவாகச் சொல்லாமலே அனுப்பியவர் யார்? உடன்பாட்டில் கையெழுத்திட்ட கைகள் பின்னர் எந்தப் பழியையும் சுமக்கவில்லை. ஈழத் தாயின் சாபத்தையும் தாயகத்தின் மௌனத்தையும் சிப்பாயே சுமந்தான். குற்றம் இழைத்தவன் தண்டனை பெறவேண்டும். அவன் சிப்பாயானாலும் சரி. ஆனால் முடிவெடுத்தோரின் குற்றத்தை ஏவலாள்மீது ஏற்றிவிட்டு நாம் கை கழுவிக்கொள்வது, பிலாத்து காட்டிய வழி.

தாவீதும் உரியாவும்

விவிலியத்தில் அரசியலாரின் இரட்டை வேடத்தைத் திறந்து காட்டும் பகுதி ஒன்று உண்டென்றால் அது சாமுவேலின் இரண்டாம் நூல் பதினொன்றாம் அதிகாரமே. படையைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாவீது எருசலேமில் தங்கியிருந்தார். மாடியில் உலாவினார். பத்சேபாவைக் கவர்ந்தார். பாவத்தை மறைக்க உரியாவைப் போர்முனையிலிருந்து வரவழைத்து, நலம் விசாரித்து, வீட்டுக்குப் போகச் சொல்லி, பின்னே பரிசும் அனுப்பினார். அந்நியனாகிய அந்த இத்தியனோ, உடன்வீரர் கூடாரங்களில் கிடக்கையில் தான் மட்டும் இல்லம் செல்வதில்லை என்று அரண்மனை வாயிலிலேயே படுத்துக்கொண்டான். முடிவில், தன் சாவுக்கான கட்டளை அடங்கிய மடலைத் தானே யோவாபிடம் சுமந்து சென்றான். அவனுடைய நேர்மையில் அரசருக்கு எவ்வளவு நம்பிக்கை! மடலை அவன் பிரித்துப் பார்க்கமாட்டான் என்று தாவீதுக்குத் தெரிந்திருந்தது.

அரசர் உரியாவுக்கு விருந்தளித்தார், பரிசளித்தார், நலம் கேட்டார். இன்றைய மேடைகளில் நாம் காண்பவை எல்லாம் அங்கும் இருந்தன. இறைவன் நாத்தானை அனுப்பியிராவிட்டால், அக்கதை ஒரு வீரமரணமாகவே முடிந்திருக்கும். தாவீதே முன்னின்று அஞ்சலியும் செலுத்தியிருப்பார்.

சபை உரையாளர் நூலின் ஒன்பதாம் அதிகாரத்திலும் ஒரு சிறு கதை உண்டு. ஒரு சிற்றூரைப் பெரிய அரசன் முற்றுகையிட்டான். ஏழை ஒருவன் தன் அறிவால் அவ்வூரைக் காத்தான். அதற்குப் பின் அந்த ஏழையை நினைத்துப் பார்ப்பார் எவருமில்லை. அவனுடைய பெயரைக் கூட நூலாசிரியர் சொல்லவில்லை. நம் ஊர்ச் சுவர்க்கல் போலவே.

திருச்சபை போரைப் போற்றுவதில்லை. 1965 அக்டோபர் 4-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் ஐக்கிய நாடுகள் அவையில் நின்று, இனி ஒருபோதும் போர் வேண்டாம் என்று மன்றாடினார். அவ்வாண்டு வெளிவந்த 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் சங்க ஏடு போரைக் கடிந்துரைத்த அதே இடத்தில், படையில் பணிபுரிவோர் மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் பணியாளராகத் தம்மைக் கருதவேண்டும் என்றும் கூறிற்று. போரை வெறுப்பதும் போர்வீரனை மறப்பதும் ஒன்றல்ல. உண்மையில், போர்வீரனுக்குரியதை முறையாகக் கொடுக்கும் நாடுதான் போரின் முழு விலையையும் உணரும். விலையைக் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ளும் தலைவர்களுக்கு, அடுத்த போரைத் தொடங்குவதும் மலிவாகவே இருக்கும்.

நம் வாசற்படி

இவ்வளவும் எழுதிய பின், அரசியலாரை மட்டும் குற்றம் சாட்டிவிட்டுப் பேனாவை மூடிவைக்க நமக்கு மனம் வரவில்லை. அன்று கல்லறையில் பேசிய மூவருள் நாமும் ஒருவர். மறையுரையில் நாம் நட்டதும் ஒரு கல்தான். அந்த அம்மையார் எப்படி உயிர் வாழ்கிறார் என்று மூன்று மாதம் நாம் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் அவர் நற்கருணை வாங்க நம் முன் வந்து நின்றார், ஆமென் என்றார், நாமும் அடுத்தவரை நோக்கித் திரும்பினோம். பிடித்து வைத்த கூலி இறைவன் செவிகளில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதிய மடலை நாம் எத்தனையோ முறை வாசித்து விளக்கியிருக்கின்றோம்.

ஆகவே வாசக அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாள். 1949 முதல் நாடு அதனைக் கொண்டாடி வருகிறது. உண்டியலில் பத்து ரூபாய் இட்டு, கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வதோடு நில்லாமல், உங்கள் பங்கில் உள்ள முன்னாள் படைவீரரும் அவர்தம் கைம்பெண்களும் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஆண்டுதோறும் அளிக்கவேண்டிய வாழ்வுச் சான்று இப்போது கணினி வழியே செல்கிறது. விரல்ரேகை தேய்ந்த மூதாட்டிகள் தடுமாறுகின்றனர். கைபேசியில் விரல் ஓடும் நம் இளைஞர் இயக்கத்தார் ஒரு பிற்பகலை அவர்களுக்குக் கொடுக்கலாம். படைப்பதிவில் மனைவியின் பெயர் பிழையாக இருப்பின், கணவர் உயிரோடிருக்கும்போதே திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பங்குத்தந்தையரே, நம் பதிவேடுகள் அதற்குச் சான்று; அவற்றைத் திறந்து கொடுக்கத் தாமதிக்க வேண்டாம். தேர்தல் காலத்தில் வீரரைப் புகழ்ந்து எவர் பேசினாலும், எந்தக் கட்சியாயினும், கூட்டத்தில் ஒருவர் எழுந்து, 'அவர் மனைவிக்கு ஓய்வூதியம் வருகிறதா?' என்று பணிவோடு கேளுங்கள்.

நவம்பர் 11-ஆம் நாள் தூர் நகரத்துப் புனித மார்ட்டின் திருநாள். முதல் உலகப் போர் ஓய்ந்த நாளும் அதுவே. மார்ட்டின் படைவீரர், படைவீரரின் மகன். ஆமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழையைக் கண்டபோது அவர் வாழ்த்துரை வழங்கவில்லை. வாளை உருவித் தம் மேலாடையை இரண்டாகக் கிழித்து, பாதியைக் கொடுத்தார்.

பட்டாளத்தார் வீட்டம்மையாருக்கு, இரண்டாம் ஆண்டுக் கல்லறைத் திருநாளுக்குச் சில வாரங்கள் முன்னதாக, நிலுவையோடு பணம் வந்து சேர்ந்தது. கணவரின் கல்லறைக்குச் சிமெண்டுப் பூசி, சிறியதொரு சிலுவை வைத்தார். மீதியிலிருந்து ஐந்நூறு ரூபாயைக் கொண்டு வந்து, "சாமி, இது அவுகளுக்குப் பூசைக்கு" என்று நீட்டினார். பூசைக்குப் பெயரை எழுதிக்கொண்டோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொள்ள மறுத்து, நெடுநேரம் வாயிலிலேயே நின்றார்.